தூரத்துத் திரை மேசைக்கு வரும்போது

கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரைகள் நிற்கின்றன. இரண்டும் 43 அங்குலம். இரண்டிலும் குறுக்குவாட்டில் 3840, நெடுக்குவாட்டில் 2160 பிக்சல்கள். ஒன்று டிவி, மற்றது மானிட்டர். டிவியோடு ரிமோட், ஸ்பீக்கர், யூடியூப் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. இருந்தும் பெரும்பாலும் அதன் விலைதான் குறைவு. நீண்ட கணக்குத் தாள்களோடு நாள் முழுவதும் உழைப்பவர், நான்கைந்து சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு நிரல் எழுதுபவர், புத்தகப் பக்கங்களை வடிவமைப்பவர் எல்லோருக்கும் இயல்பாக எழும் கேள்வி இது: இந்த டிவியையே வாங்கி மேசையில் வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம். பலர் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அது நன்றாகவே உழைக்கிறது. வாங்கிய வாரத்திலேயே எழுத்து மங்கலாகத் தெரிகிறது, கண் எரிகிறது என்று கூடத்துக்கு மாற்றிவிட்டவர்களும் இருக்கிறார்கள். இருவரும் வாங்கியது ஒரே மாடலாகக்கூட இருக்கலாம். மனிதக் கண் எதையெல்லாம் கவனிக்காது என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து, அதையெல்லாம் மிச்சப்படுத்தி வளர்ந்த கருவி டிவி. முகத்தையோ மைதானத்தையோ கடலையோ காட்டும்போது அந்தச் சிக்கனம் நமக்குத் தெரியவே தெரியாது. எழுத்தைக் காட்டும்போது உடனே தெரிந்துவிடும். திரைக்கு வைக்கக்கூடிய சோதனைகளிலேயே கடினமானது ஒரு பக்க எழுத்துதான். டிவியை மானிட்டராக்குவதில் உள்ள பெரும்பாலான சிக்கல்களும், அவற்றுக்கான தீர்வுகளும் இந்த ஒரு இடத்திலிருந்து கிளைப்பவை.

இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியைப் பலர் வீட்டு டிவியோடுதான் இணைத்தார்கள். அதில் ஒரு வரிக்கு 40 எழுத்துகள். 1982-இல் பிரிட்டனில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 32 எழுத்துகளோடு நின்றுகொண்டது. ஆனால் அலுவலக வேலைக்கு வரிக்கு 80 எழுத்துகள் தேவைப்பட்டன; துளை அட்டைக் காலத்திலிருந்தே நிலைத்துவிட்ட அளவு அது. 1981-இல் ஐபிஎம் தன் பிசியோடு விற்ற வண்ண அட்டையால் 80 எழுத்துகளைத் தர முடிந்தது. அப்படியிருந்தும், டிவியோடு இணைப்பவர்களுக்காக 40 எழுத்து முறையையும் அதில் வைத்திருந்தார்கள். ஏன்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 எழுத்து, எழுத்துக்கு 8 புள்ளி, ஆக வரிக்கு 640 புள்ளி. இவற்றை அந்த அட்டை நொடிக்குச் சுமார் 143 லட்சம் புள்ளிகள் என்ற வேகத்தில் அனுப்பியது. கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து வந்தால் அது சுமார் 7 மெகாஹெர்ட்ஸ் அலை. அமெரிக்க ஒளிபரப்பில் படத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் 4.2 மெகாஹெர்ட்ஸ்தான். அந்த அளவுக்குக் கட்டப்பட்ட டிவியில் எழுத்தின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்துபோயின. நாடகம் பார்த்தவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. வரி படித்தவருக்குத் தெரிந்தது.

இன்றைய டிவி அந்தக் கால டிவி இல்லை. பேனல் என்ற அளவில் அது மானிட்டருக்கு நெருங்கிய உறவு. எனவே அதன் பிக்சல்கள் எழுத்துக்குப் போதுமா என்று பார்க்க, முதலில் கண்ணை அளந்துவிட்டு மேலே போவோம்.

1862-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வெளியிட்ட எழுத்துப் பலகையின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் கண் மருத்துவமனைச் சுவர்களில் தொங்குகின்றன. அதில் 6/6 வரியின் எழுத்து சுமார் 8.7 மில்லிமீட்டர் உயரம். 6 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது கண்ணில் 5 கலை கோணம் பிடிக்கும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு கலை. எழுத்தின் ஒவ்வொரு கோடும், கோடுகளுக்கு இடையிலான வெளியும் ஒரு கலை. நல்ல பார்வை என்று மருத்துவர் சொல்வது இந்த ஒரு கலையைப் பிரித்தறியும் திறனைத்தான். இளம் கண்கள் பல இதையும் தாண்டிக் கூர்மையானவை. கணக்குக்கு ஒரு கலையே போதும்.

மேசையில் 60 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு கலை என்பது 0.17 மில்லிமீட்டர். அலுவலகங்களில் வழக்கமாகக் காணும் 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரின் ஒரு பிக்சல் 0.28 மில்லிமீட்டர். அதாவது ஒன்றரைக் கலைக்கும் சற்று மேல். கூர்ந்து பார்த்தால் எழுத்தின் வளைவில் படிக்கட்டு தெரியும். அதற்கு நாம் பழகிவிட்டோம்.

இங்கிருந்து ஒரு எளிய வாய்ப்பாடு கிடைக்கிறது. கடைக்குப் போகும் முன் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 4கே, அதாவது முதலில் பார்த்த 3840க்கு 2160 பிக்சல் திரை என்றால் அதன் அங்குல எண்ணை இரண்டால் பெருக்குங்கள். வரும் விடை, எத்தனை சென்டிமீட்டர் தொலைவில் அதன் பிக்சல் ஒரு கலைக்குள் அடங்கும் என்பது. 43 அங்குலத்துக்கு 86 சென்டிமீட்டர், 55 அங்குலத்துக்கு 110. ஃபுல் எச்டி என்றால் நான்கால் பெருக்க வேண்டும். 32 அங்குல ஃபுல் எச்டி டிவிக்கு 128 சென்டிமீட்டர் தேவை. குறைந்த விலைக்குக் கிடைக்கும் 32 அங்குல ‘எச்டி ரெடி’ டிவியில் இருப்பது 1366க்கு 768 பிக்சல்கள்தான். அதற்கு ஐந்தரையால் பெருக்க வேண்டும். ஒன்றே முக்கால் மீட்டர் வந்துவிடும். மேசைக்கு அதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாணவர்களுக்காகக் குறைந்த செலவில் கணினி அமைக்கும் பெற்றோர் பலர் கடையில் பெரிதாகத் தெரிகிறதே என்று வாங்குவது இதைத்தான். அதே விலையில் அல்லது இன்னும் குறைந்த விலையில் கிடைக்கும் 22 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் எழுத்து அதைவிடப் பல மடங்கு தெளிவாக இருக்கும்.

தமிழ் படிப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. ஆங்கிலத்தின் சிறிய ‘என்’ எழுத்துக்கு இரண்டு கால்களும் ஒரு வளைவும் போதும். நம்முடைய ‘ண’வுக்கு எத்தனை சுழி, எத்தனை கால், அவற்றுக்கிடையே எத்தனை வெளி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ‘க’வையும் ‘க்’கையும் பிரிப்பது ஒரே ஒரு புள்ளி. சிறிய எழுத்தளவில் அந்தப் புள்ளிக்குத் திரையில் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல்கள். அவை மங்கினால் சொல்லே மாறும். ஆங்கிலப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்துத் திருப்திப்பட்டு டிவி வாங்கினால், தமிழில் மெய்ப்புத் திருத்தும்போது கண் வருந்தும்.

24 அங்குல ஃபுல் எச்டி திரைகள் நான்கை இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால், நடுவில் கோடில்லாமல் கிடைப்பது சரியாக ஒரு 48 அங்குல 4கே திரை. பழைய மானிட்டரின் எழுத்தளவே போதும், இடம்தான் வேண்டும் என்பவருக்கு இந்த ஒப்புமை உதவும். 43 அங்குலத்தில் எழுத்து அதைவிடச் சற்றுச் சிறிதாகவும் கூர்மையாகவும் இருக்கும்; விண்டோஸின் எழுத்துப் பெருக்கத்தை 100 சதவீதத்திலேயே பலர் வைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனையும் சரியாகப் பொருந்திய பிறகும் டிவியில் எழுத்து மங்கலாம். காரணம் நிறம்.

விழித்திரையின் நடுக்குழியில்தான் நம் கூரிய பார்வை இருக்கிறது. நீல ஒளியை உணரும் கூம்புச் செல்கள் மொத்தக் கூம்புகளில் பத்தில் ஒன்றுகூட இல்லை. நடுக்குழியின் மையத்தில் அவை அறவே இல்லை. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாகப் பிரிக்கும் கண், நிறத்தின் ஏற்ற இறக்கத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பதில்லை. ஒளிச்செய்தியையும் நிறச்செய்தியையும் தனித்தனியாக அனுப்பலாம் என்று பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் வலென்சி 1938-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1953-இல் அமெரிக்கா ஏற்ற வண்ண ஒளிபரப்பு முறை இந்த அடிப்படையில் அமைந்தது. நிறத்துக்கு அது ஒதுக்கிய இடம் ஒளிக்கு ஒதுக்கியதில் ஒரு சிறு பங்குதான். 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது, கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களும் அதே ஒளிபரப்பைப் பார்க்க முடிந்ததற்கு இந்தப் பிரிவினையே காரணம். அவர்களுடைய பெட்டி ஒளிச்செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டது.

டிஜிட்டல் காலத்திலும் அந்தச் சிக்கனம் தொடர்கிறது. டிவிடி, புளூரே, இணையவழிப் படங்கள் எல்லாவற்றிலும் நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறச்செய்தி. ஒளி மட்டும் நான்குக்கும் தனித்தனி. 4:2:0 என்று எழுதுவது இதைத்தான். அனுப்ப வேண்டிய தரவு இதனால் பாதியாகிறது. இரண்டு பிக்சலுக்கு ஒரு நிறம் என்றால் 4:2:2. ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் என்றால் 4:4:4. கணினி உருவாக்கும் படம் எப்போதும் கடைசி வகை. அதை வாங்கிக்கொள்ளும் டிவி, தன் வழக்கப்படி நிறத்தைக் குறைத்துவிட்டுத்தான் பல வேளைகளில் காட்டுகிறது.

இதனால் எந்த எழுத்து கெடும் என்று கண்டுபிடிப்பது எளிது. உயர்தெளிவுத் தொலைக்காட்சியின் தரப்படி ஒளிச்செய்தியில் பச்சைக்கு ஏறத்தாழ 72 சதவீதப் பங்கு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து முழுவதும் ஒளியில் எழுதப்பட்டது. அது பெரும்பாலும் தப்பிவிடும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தின் உருவமோ பெரும்பகுதி நிறச்செய்தியில்தான் இருக்கிறது. நிறத்தைப் பாதியாக்கினால் எழுத்தின் விளிம்பு கரைந்து பக்கத்துப் பிக்சலில் வழியும். கறுந்திரையில் வண்ண வண்ணமாக நிரல் எழுதுபவர்கள் டிவியைப் பற்றி முதலில் குறைப்படுவது இதனால்தான்.

கறுப்பு எழுத்துக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. மைக்ரோசாஃப்ட் 1998-இல் அறிவித்த கிளியர்டைப் என்ற நுட்பம், பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கி எழுத்தின் விளிம்பைச் செதுக்குகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் கறுப்பு எழுத்தின் ஓரங்களில் மெல்லிய நிறங்கள் தெரியும். அந்த நிறங்களைத்தான் 4:2:0 அழிக்கிறது. சில டிவி பேனல்களில் பட்டைகள் நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாகவும் இருக்கும். எல்ஜி நிறுவனத்தின் ஓஎல்இடி டிவிகளில் வெள்ளையும் சேர்ந்து நான்கு பட்டைகள். விண்டோஸில் கிளியர்டைப் அமைப்பைத் திறந்து கண்ணுக்குத் தெளிவானதைத் தேர்ந்தால் ஓரளவு சரியாகும்.

இனி டிவி தானாகச் செய்யும் ‘மேம்பாடுகள்’. படக்குழாய்க் காலத்தில் திரையின் ஓரங்கள் துல்லியமாக நிற்காது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி விளிம்பை மறைத்துவிடுவார்கள். ஓவர்ஸ்கேன் என்ற அந்தப் பழக்கம் குழாய் போன பின்னும் பல டிவிகளில் தங்கிவிட்டது. கணினியை இணைத்ததும் கீழே டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அதுதான். வெட்டுப்படுவதைவிட மோசமான விளைவு, படம் பெரிதாவதால் கணினியின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் விழாமல் இரண்டுக்கும் நடுவில் விழுவது. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்று பெயர் மாறும். தேடிப் பிடித்து அமைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஷார்ப்னஸ். தூரத்திலிருந்து பார்க்கும்போது படம் துல்லியமாகத் தோன்றுவதற்காக டிவி ஒவ்வொரு விளிம்பையும் ஒட்டி ஒரு வெளிர்க்கோடு வரைகிறது. எழுத்தைச் சுற்றி அது ஒளிவட்டமாகத் தெரியும். அதைக் குறைத்ததும் எழுத்து முதலில் மென்மையாகிவிட்டதுபோலத் தோன்றும். சற்று நேரத்தில் கண் ஆறுதல் அடைவதை உணரலாம். அசைவை வழுவழுப்பாக்குவது, இரைச்சலை நீக்குவது போன்ற வேலைகளுக்கு டிவி சில படச் சட்டங்களைச் சேமித்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு சட்டம் 16.7 மில்லிநொடி. சில டிவிகளில் இந்தத் தாமதம் சேர்ந்து நூறு மில்லிநொடியைத் தாண்டிவிடும். மவுஸை நகர்த்தியபின் அம்புக்குறி பின்தங்கி வருவதைக் கை உணர்ந்துவிடும்.

இவை அனைத்தையும் ஒரே அடியாக நிறுத்தத்தான் பிசி மோட். எல்ஜி, சாம்சங் டிவிகளில் கணினி இணைத்த எச்டிஎம்ஐ வாயிலின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் அது இயங்கத் தொடங்குகிறது; சோனியில் ‘கிராஃபிக்ஸ்’ படமுறை. வெறும் சின்னத்தை மாற்றுவதுபோலத் தோன்றும் இந்த ஒரு செயலால் 4:4:4 முழுதாகக் கிடைப்பதைப் பல டிவிகளில் காணலாம். கேம் மோட் தாமதத்தைக் குறைக்கும். ஆனால் நிறத்தை முழுதாகத் தரும் என்ற உறுதி இல்லை. டிவியைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே அளவுகோல் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: 60 ஹெர்ட்ஸில் 4:4:4 காட்டும் முறை ஒன்று அதில் இருக்க வேண்டும். மற்ற குறைகளோடு வாழலாம்.

அந்தப் படம் டிவிக்குப் போய்ச் சேர வழியும் அகலமாக இருக்க வேண்டும். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் நொடிக்கு 30 முறைக்கு மேல் முழு நிறத்தோடு போகாது. 2013-இன் 2.0 வழியாக 60 முறை போகும், அதுவும் நிறத்துக்கு 8 பிட் என்ற அளவில். ஒளி, நிற வீச்சைக் கூட்டும் எச்டிஆரை இயக்கி 10 பிட் கேட்டால் இடம் போதாமல் சில வேளை 4:2:2-க்கு இறங்கிவிடும்; எழுத்து வேலைக்கு எச்டிஆரை நிறுத்தி வையுங்கள். 2017-இல் வந்த 2.1-இல் இந்த நெருக்கடி இல்லை. டிவியில் நல்ல வாயில் இருந்தும் அமைப்பில் அது மூடியிருக்கலாம்: சோனி அதை ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்கிறது, சாம்சங் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ என்கிறது. பழைய லேப்டாப்களில் 1.4 வாயில் மட்டுமே இருக்கும். அப்போது குறை டிவியில் இல்லை.

பேனலில் பார்க்க வேண்டியது, கோணம். எல்சிடியின் விஏ வகைப் பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் நேராகப் பார்க்கும் இடம் தவிர மற்ற இடங்களில் வெளிறும். கூடத்தில் மூன்று மீட்டர் தள்ளி அமர்பவருக்கு இது பொருட்டில்லை. மேசையில் அமர்பவருக்குத் திரையின் ஓரங்களே சாய்ந்த கோணத்தில்தான் தெரிகின்றன. ஐபிஎஸ் பேனல் இதில் மேல். ஓஎல்இடி எல்லாவற்றிலும் அழகு. 2020-இல் எல்ஜி 48 அங்குலத்திலும் 2022-இல் 42 அங்குலத்திலும் கொண்டுவந்தபோது பலர் மேசைக்கென்றே வாங்கினார்கள். அதன் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே தேய்கிறது. அசையாத டாஸ்க்பாரும் மெனுப் பட்டையும் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே தேய்மானம் சீரற்றுப்போய் நிழலாகப் படியும். வெள்ளைப் பக்கம் திரை முழுக்க விரியும்போது மின்சாரத்தைக் கட்டுப்படுத்தத் தானாக ஒளியையும் குறைத்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் எழுத்து வேலை செய்பவருக்கு நான் எல்சிடியைத்தான் சொல்வேன்.

கழுத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. 43 அங்குலத் திரையின் உயரம் மட்டுமே சுமார் 53 சென்டிமீட்டர். கால்களையும் சேர்த்தால் திரையின் மேல்விளிம்பு, அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தைத் தாண்டிவிடும். மேல்நோக்கிப் பார்க்கும்போது இமை அகலத் திறக்கிறது, கண் சீக்கிரம் உலர்கிறது. பைஃபோகல் கண்ணாடி அணிந்தவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் படிப்பதற்காகத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். மாலையில் பிடரி வலிக்கும். 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேசையில் இந்தத் திரைக்கு இடமில்லை. 80, 90 சென்டிமீட்டராவது வேண்டும், அல்லது மேசைக்குப் பின்னால் சுவரில் தாழ்வாகப் பொருத்த வேண்டும். படிப்பதையும் எழுதுவதையும் திரையின் நடுவிலும் கீழ்ப்பாதியிலும் வைத்துக்கொண்டு, எப்போதாவது பார்ப்பவற்றை மேலே அனுப்பிவிடுவது நல்ல பழக்கம்.

கணினி உறங்கினால் மானிட்டரும் உறங்கும், விழித்தால் விழிக்கும். டிவிக்குப் பெரும்பாலும் ரிமோட்டைத் தேட வேண்டும். சிறிய தொல்லைதான், தினமும் நேர்வது.

கடைக்குப் போகும்போது சொந்த லேப்டாப்பையும் கேபிளையும் கொண்டுபோங்கள். மூன்று படங்களை முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் கட்டங்கள், நீலத்தின் மேல் சிவப்பிலும் கறுப்பின் மேல் நீலத்திலும் சிறிய எழுத்துகள், வழக்கமான எழுத்தளவில் ஒரு தமிழ்ப் பக்கம். படங்களை 100 சதவீத அளவில் திறக்க வேண்டும். கட்டங்கள் அலையலையாகத் தெரிந்தால் ஓவர்ஸ்கேன் நிற்கவில்லை. கட்டங்கள் சரியாக இருந்து சிவப்பு எழுத்து மட்டும் கசிந்தால் நிறம் குறைகிறது. வாயிலின் பெயரை ‘பிசி’ என்று மாற்றச் சொல்லி மறுபடி பாருங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கணினி 16 முதல் 235 வரை அனுப்புவதை டிவி 0 முதல் 255 வரை என்று எடுத்துக்கொள்கிறதா என்று இரு பக்கமும் பார்த்துச் சரிசெய்யலாம். இவற்றுக்குப் பிறகும் சிவப்பு கசிந்தால் அந்த டிவி மேசைக்கு ஆகாது. தேறியது என்றால், சோதித்த அதே அங்குல அளவையே வாங்குங்கள். ஒரே மாடல் வரிசையில் அளவு மாறும்போது உள்ளே இருக்கும் பேனலும் மாறுவதுண்டு.